கத்திரி முடிந்தது: கருத்த தோலுக்கு எதில் செலவு செய்யலாம்?

மே 28 வாக்கில் அக்னி நட்சத்திரம் முடிந்துவிடுகிறது. கண்ணாடியை நின்று பார்க்க நேரம் கிடைப்பது என்னவோ ஜூனில்தான். பள்ளிக்கூடம் திறந்து, ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து, ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வரத் தொடங்கும் நேரம் அது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், சட்டைக்குள் இருக்கும் தோள் வேறொரு நிறம். என்ன தடவலாம் என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. அத்தை நலங்கு மாவு என்பார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூபை எடுத்து நீட்டுவார்கள். பார்லரில் டீடேன். யூடியூபில் எலுமிச்சம்பழம். தோல் டாக்டரிடம் போனால் சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுப்பார். கருத்த பிறகு சன்ஸ்கிரீன் எதற்கு என்று நமக்குள் முனகிக்கொண்டே வெளியே வருவோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் வெயில் கருப்புக்கு, மேலும் வெயில் படாமல் பார்த்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி, மலிவான வழியும்கூட. மற்றவற்றில் சில பரவாயில்லை, சில வீண், ஒன்றிரண்டு ஆபத்து. ஆனால் உங்கள் முகத்தில் இருப்பது வெறும் வெயில் கருப்புதானா என்பது முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் செலவு செய்வதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

வெயில் கருப்பா, வேறொன்றா?

கையைத் தூக்கி, அக்குளுக்குக் கீழே உள்கையின் தோலைப் பாருங்கள். வெயில் அதிகம் படாத அந்த இடம்தான் உங்கள் சொந்த நிறம். அதற்கு மேல் வெளுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது, தேவையும் இல்லை. அடுத்து காலைப் பாருங்கள். செருப்பு வார் இருந்த இடம் மட்டும் வெளிறி, சுற்றிலும் கருத்து, ஓரம் கோடு கிழித்த மாதிரி இருந்தால் அது வெயில் கருப்பு. வாட்ச் கட்டும் இடமும், ரவிக்கையின் முதுகு வெட்டும் இதே கதைதான் சொல்லும். எது மூடியிருந்ததோ அது தப்பித்திருக்கும்.

கன்னம், நெற்றி, மேலுதடு என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வரைபடத்தில் தீவு போலத் திட்டுத் திட்டாகப் பழுப்பு படிந்திருந்தால் அது மங்கு. பெண்களுக்கு அதிகம். பேறுகாலத்திலோ கருத்தடை மாத்திரை எடுக்கும்போதோ தொடங்கி, ஒவ்வொரு கோடையிலும் ஒரு சுற்று அடர்ந்துகொண்டே போகும். இது பெரும்பாலும் காத்திருந்தால் போகாது.

கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் வெளிறிய வட்டங்கள் வந்து, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தால் அது தேமல். வியர்வையில் செழிக்கும் ஒருவகைப் பூஞ்சையின் வேலை. சத்துக் குறைவு என்று சொல்லி டானிக் வாங்குவார்கள், பாவம். கெட்டோகோனசோல் மாதிரியான பூஞ்சை மருந்துக்குப் பூஞ்சை சீக்கிரம் அடங்கிவிடும். ஆனால் நிறம் சமமாகப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். மருந்து கேட்கவில்லை என்று அதற்குள் வேறு க்ரீமுக்குத் தாவுபவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று பின்கழுத்துக் கருப்பு. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடித்து, மடிப்புகளில் கருத்து, அக்குளிலும் அதே நிறம் இருந்தால் அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தால் இன்னும் தடிக்கும். அந்தக் காசுக்கு ரத்தச் சர்க்கரை பார்த்துக்கொண்டு வரலாம்.

வேர்க்குரு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, வியர்வை உள்ளேயே கசிவதால் வரும் அரிப்பு. இதற்கு மருந்தைவிடக் காற்று முக்கியம். தொளதொள பருத்தி உடை, மின்விசிறி, நாளைக்கு இரண்டு முறை பச்சைத் தண்ணீர்க் குளியல். தடவ வேண்டுமென்றால் காலமைன் லோஷன். நுங்கை உடைத்து அதன் தண்ணீரைத் தடவும் வழக்கத்திலும் தவறில்லை, குளிர்ச்சி குளிர்ச்சிதான். பவுடரை மட்டும் வியர்வை ஈரத்தின் மேல் கொட்டாதீர்கள். அது குழைந்து, மடிப்புகளில் அப்பிக்கொண்டு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

சும்மா இருப்பது என்ற வைத்தியம்

வெயில் கருப்பு என்பது தோல் தனக்குத்தானே விரித்துக்கொண்ட குடை. புற ஊதாக் கதிர் பட்ட இரண்டு மூன்று நாளில், மேல் தோலின் அடியில் இருக்கும் நிறமிச் செல்கள் மெலனினைக் கூடுதலாகத் தயாரித்து அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகின்றன. அந்தச் செல்கள் மெல்ல மேலேறி, செத்து, உதிர்கின்றன. இளவயதில் இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு வாரம். வயது ஏற ஏற ஆறு வாரம், அதற்கும் மேல். ஆக, புதிதாக வெயில் படாமல் இருந்தால் கருப்பு தானாகவே இறங்கும். முகத்தில் சீக்கிரம், புறங்கையிலும் பாதத்திலும் கொஞ்சம் தாமதமாக.

இதிலிருந்து ஒரு வேடிக்கையும் பிறக்கிறது. ஜூனில் எதைத் தடவத் தொடங்கினாலும் ஆகஸ்டில் அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். தக்காளியானாலும் சரி, மூவாயிரம் ரூபாய் சீரமானாலும் சரி. தோல் செய்த வேலைக்குப் பொட்டலத்தில் இருப்பவர் மாலை வாங்கிக்கொள்கிறார்.

சும்மா இருப்பது என்றால் வெயிலை அடைத்துவிட்டுச் சும்மா இருப்பது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் கத்திரி முடிந்ததும் வெயில் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. கதிரின் வீச்சு பெரும்பாலும் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொன்று. மதுரைக்கு ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். அதாவது ஆடிக் காற்றில் சிலுசிலுவென்று வண்டியில் போகும்போதும், ஆவணி பிறக்கும்போதும், தலைக்கு மேலே நிற்பது ஏப்ரலில் நின்ற அதே சூரியன்தான். மெல்லிய மேகத்தைப் பெரும்பகுதிக் கதிர் ஊடுருவி வந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும், 11-ஐத் தொட்டால் உச்ச அபாயம். நம் ஊரில் தெளிவான நாளின் நடுப்பகலில் 11 என்பது சர்வசாதாரணம். கருவி எதுவும் வேண்டாம், உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். குட்டையென்றால் கதிர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடைக்கும் வழிகளில் முதலிடம் குடைக்கும் துணிக்கும்தான். அடர்த்தியாக நெய்த முழுக்கைச் சட்டை, டூவீலர் ஓட்டுகிறவர்களுக்குக் கையுறை. எந்த சன்ஸ்கிரீனும் கையுறைக்கு ஈடாகாது. வியர்த்தாலும் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டாம். முகத்துக்குத்தான் சன்ஸ்கிரீன். வாங்கும்போது எஸ்பிஎஃப் 30 அல்லது 50, கூடவே பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்பிஎஃப் என்பது முக்கியமாகத் தோலைச் சுடும் யுவி-பி கதிருக்கான கணக்கு. 30 என்றால் அதில் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் அவ்வளவுதான், 50-ஐத் தாண்டிப் போகும் எண்களுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. கண்ணாடியையும் தாண்டி வந்து, நிறத்தைக் கருக்கும் யுவி-ஏ கதிருக்கான அளவுதான் பிஏ. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவருக்கும், காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு போகிறவருக்கும் இதுதான் முக்கியம்.

அளவு விஷயத்தில் நாம் மகா கஞ்சர்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டுப் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான ஒரு வேளை அளவு. அப்படித் தினம் ஒருமுறை போட்டாலே 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதம் தாண்டாது. உங்கள் ட்யூப் ஆறு மாதமாக அலமாரியில் இருக்கிறதென்றால், நீங்கள் போடுவது சன்ஸ்கிரீன் இல்லை, அதன் வாசனை. நல்ல ட்யூப் 300 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. நம் வியர்வைக்கு ஜெல் வகை ஒத்துவரும். துத்தநாகம் அதிகமுள்ள வகை நம் நிறத்தில் சுண்ணாம்பு பூசியது போலத் தெரியும். மங்கு உள்ளவர்கள் மட்டும் லேசான நிறம் சேர்த்த வகையைத் தேடி வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியே மாநிறத் தோலில் கருப்பை ஏற்றும். அதைத் தடுப்பது அந்த நிறத்தில் இருக்கும் இரும்பு ஆக்சைடு.

இத்துடன் சோப்பையும் குறைக்க வேண்டும். கோடை முழுக்க மூன்று வேளை குளித்து, மூன்று வேளையும் உடம்பெல்லாம் சோப்பு தேய்த்திருப்போம். சாதாரண சோப்புக்கட்டியின் காரத்தன்மை பிஎச் அளவில் 9, 10 வரை போகும். தோலோ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். வெயில் காய்ச்சிய தோலில் இந்தச் சோப்பும் சேரும்போதுதான் அந்தச் சொரசொரப்பும், கோடு கிழித்தால் வெள்ளையாகத் தெரியும் வறட்சியும் வருகின்றன. பாதிக் கருப்பு இந்த வறட்சியால் தெரிவதுதான், ஈரம் ஏறினாலே முகம் தெளிந்துவிடும். சோப்பு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் பாதத்துக்கும் போதும். குளித்துத் துவட்டியதும், உடம்பில் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். கை கால்களுக்குத் தேங்காயெண்ணெய் போதும், வறட்சிக்கு அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. முகப்பரு வருகிறவர்கள் முகத்திலும், வேர்க்குரு இருப்பவர்கள் அந்த இடத்திலும் எண்ணெய் வேண்டாம்.

சமையலறையும் நாட்டு மருந்துக் கடையும்

வீட்டு வைத்தியத்தை மொத்தமாகத் தூக்கி எறிவதும், மொத்தமாகத் தலையில் தூக்கி வைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. தயிரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. பார்லரிலும் க்ளினிக்கிலும் பூசுகிற அதே அமிலம்தான், ஆனால் தயிரில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். எனவே லேசான மெருகு கிடைக்கும், ஆபத்தும் இல்லை. தயிரில் பயத்தம்மாவு குழைத்து வாரம் ஒருமுறை பூசி, காயும் முன்பே கழுவினால் போதும். காய்ந்து இறுகிய பிறகு தேய்த்து உதிர்ப்பது மாநிறத் தோலுக்கு ஆகாது. தேய்த்த இடமெல்லாம் பின்னால் கருக்கும்.

கற்றாழைச் சோறு எரிச்சலைத் தணிக்கும். மடலை வெட்டியதும் வழியும் மஞ்சள் பாலை ஓடவிட்டு, சோற்றை நன்றாகக் கழுவிய பிறகுதான் தடவ வேண்டும், அந்தப் பால்தான் அரிப்பைக் கொடுக்கும். தக்காளியைப் பொறுத்தவரை தடவுவதைவிடச் சாப்பிடுவது நல்லது. ஜெர்மனியில் 2001-இல் வெளியான ஒரு ஆய்வில், தினம் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயுடன் பத்து வாரம் சாப்பிட்டவர்களுக்கு வெயிலில் தோல் சிவப்பது குறைந்திருந்தது. நம் தக்காளித் தொக்கு இதற்கு ஏறக்குறைய சித்தப்பா முறை.

எலுமிச்சம்பழம் மட்டும் கூடவே கூடாது. அதன் அமிலம் தோலை அரிக்கும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வில்லங்கம், அதில் இருக்கும் ஃப்யூரோகுமரின் என்ற பொருள். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் வரக்கூடும், பிறகு அந்த இடமே மாதக்கணக்கில் கருத்துக் கிடக்கும். வெயில் கருப்பைப் போக்க எலுமிச்சை தேய்த்துவிட்டு மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போவதைப் போல ஒரு முரண் வேறில்லை.

இதே வகைப் பொருள் இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுக்குச் சாமான் கேட்டால் பெரும்பாலும் இப்படிக் கட்டித் தருவார்கள்: பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ், கார்போக அரிசி. கடைசியில் இருக்கும் கார்போக அரிசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருப்பாக, சிறுநீரக வடிவில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய விதை. அதில் இருப்பது சோரலென். வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்யும்போது, தோலில் நிறம் வரவேண்டும் என்பதற்காகவே இதைக் கொடுத்து வெயிலோ புற ஊதா ஒளியோ காட்டுவார்கள். சித்த மருத்துவத்திலும் சரி, அலோபதியிலும் சரி, சோரலெனின் பெருமை அதுதான். குளித்துக் கழுவிவிடும் மாவில் அது சொற்பம், பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனாலும் கருப்பு இறங்க வேண்டும் என்று அரைக்கிற மாவில் கருப்பை ஏற்றத் தெரிந்த விதை எதற்கு? அதை மட்டும் கட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்றதை வாங்குங்கள். சோப்புக்குப் பதிலாக நலங்கு மாவு நல்ல மாற்று. நிறம் மாறும் என்று எதிர்பார்க்காமல், தோல் வறளாமல் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

கவுன்ட்டரில் நீட்டப்படும் ட்யூப்

"அண்ணா, வெயில்ல முகமெல்லாம் கருத்துப்போச்சு, ஏதாச்சும் க்ரீம் குடுங்க."

"இத நைட்ல போடுங்க. ஒரே வாரத்துல தெரியும்."

பத்துப் பதினைந்து கிராம் ட்யூப், சன்ஸ்கிரீனைவிட மலிவு. ஒரே வாரத்தில் தெரியவும் செய்யும், அதுதான் சிக்கலே. பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். முதலாவது நிறத்தைக் குறைப்பது, இரண்டாவது தோலைச் சீக்கிரம் புதுப்பிப்பது, மூன்றாவது ஸ்டீராய்டு. சில ட்யூப்களில் அந்த இடத்தில் ஃப்ளூவோசினோலோன் இருக்கும், சிலவற்றில் மற்ற இரண்டும் இல்லாமல் வெறும் பீட்டாமெத்தசோனோ க்ளோபெட்டசாலோ இருக்கும். இவையும் ஸ்டீராய்டுகள்தான்.

இந்த மூன்று மருந்துக் கூட்டு ஏமாற்று வேலை இல்லை. 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் கூட்டாக வெளியிட்ட சூத்திரத்தின் வாரிசு இது. மங்குக்கு இன்றும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் சில வாரங்களுக்கு மட்டும், பார்த்துப் பார்த்து. வெயில் கருப்பில் பிரச்சினை என்னவென்றால், தானாகப் போகிற ஒன்றுக்கு நிறுத்த முடியாத ஒன்றைத் தொடங்குகிறோம். ஸ்டீராய்டு முதலில் முகத்தை வெளுத்து மினுமினுப்பாக்கும். இரண்டு மூன்று மாதம் போனால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரியும். பரு கிளம்பும், பூனைமுடி அடரும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். அதைத் தாங்காமல் மறுபடி அதே ட்யூப். இந்தப் பழக்கத்தால் கெட்ட முகங்கள் இந்தியாவில் அவ்வளவு பெருகியதால், தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே தனிக் குழு அமைத்தது. 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஸ்டீராய்டு கலந்த பல தோல் க்ரீம்களை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கிறார்களா என்பது உங்கள் தெரு முனைக் கடைக்குப் போனால் தெரியும்.

பூஞ்சையால் வரும் படர்தாமரையை வெயில் அரிப்பு என்று நினைத்து இதைத் தடவுகிறவர்களின் நிலை இன்னும் மோசம். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், வட்டம் அடியில் விரிந்துகொண்டே போகும்.

தயாரித்தவர் முகவரி இல்லாத, கைக்குக் கை மாறி வரும் சிவப்பழகு க்ரீம்கள் இன்னொரு ரகம். அவற்றில் பாதரசம் இருக்கலாம். கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் பகுதி மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் கசியும் நோயோடு வந்த பலர் இத்தகைய க்ரீம் பூசியவர்கள் என்று கண்டறிந்தது 2023-இல் செய்தியானது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றது.

பார்லர், சீரம், டாக்டர்

பார்லரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ப்ளீச் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும். அது பெரும்பாலும் தோலின் கருப்பை எடுப்பதில்லை, முகத்துப் பூனைமுடியைப் பொன்னிறமாக்கி வெளுப்பாகக் காட்டுகிறது. டீடேன் பேக் மேலே இருக்கும் செத்த செல்களைக் கொஞ்சம் எடுக்கும். ஒரு விசேஷத்துக்கு முன்னால் நான்கைந்து நாள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றால் சரி, சில நூறு ரூபாய்க்கு அது கிடைக்கும். வைத்தியம் என்று நினைத்து மாதாமாதம் போகவேண்டியதில்லை. தோல் எரிந்து உரிந்துகொண்டிருக்கும்போது இரண்டையுமே தொடக்கூடாது.

சீரங்களில் எனக்குப் பிடித்தது நியாசினமைடு. மெலனின் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போவதை இது குறைக்கிறது, தோலின் ஈரத்தையும் காக்கிறது. 4, 5 சதவீதம் போதும். 10 என்று பெரிதாக எழுதியதை வாங்கினால் சிலருக்கு எரிச்சல்தான் கூடுதல் லாபம். வைட்டமின் சி நல்ல பொருள்தான், ஆனால் நம் ஊர்ச் சூட்டுக்கு எளிதில் கெடும். தண்ணீர் நிறத்தில் வாங்கிய பாட்டில் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் அது வெறும் பிசுபிசுப்பு. ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்ப்பவர்கள் மட்டும் வாங்கலாம். மங்கு உள்ள கர்ப்பிணிகளுக்கு அசலாயிக் அமிலம் பாதுகாப்பானது, அதையும் மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள். வெறும் வெயில் கருப்புக்கு இவை எதுவும் கட்டாயமில்லை. பரு வடு, மங்கு இருந்தால் காசுக்கு அர்த்தம் உண்டு.

தோல் டாக்டரிடம் யார் போக வேண்டும்? மங்கு இருப்பவர்கள். மூன்று மாதம் வெயிலை அடைத்தும் இறங்காத கருப்பு இருப்பவர்கள். ஏற்கெனவே அந்த ட்யூபில் மாட்டிக்கொண்டவர்கள். இவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்துவதைவிட மருத்துவர் சொல்படி இறக்குவது நல்லது. வெயிலில் வழக்கத்தைவிட அதிகம் கருப்பவர்கள் தங்கள் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போகட்டும். பருவுக்குத் தரும் டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைடு போன்றவை தோலை வெயிலில் எளிதில் பாதிக்கப்படச் செய்பவை. மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

க்ளினிக்கில் கெமிக்கல் பீல் என்பார்கள். க்ளைகாலிக், லாக்டிக், மாண்டலிக் அமிலங்களில் ஒன்றைப் பூசி மேல் அடுக்கை உரிய வைப்பது. ஒரு அமர்வுக்கே ஆயிரங்களில் கணக்கு, இரண்டு மூன்று வார இடைவெளியில் பல அமர்வு. நல்ல கையில் மங்குக்கும் பரு வடுவுக்கும் பலன் உண்டு. ஆனால் உரித்த தோலில் வெயில் பட்டால் முன்பைவிடக் கருக்கும். தினமும் நடுப்பகலில் வண்டியில் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிக்கு இதைப் பரிந்துரைக்கும் க்ளினிக்கிலிருந்து எழுந்து வந்துவிடலாம். குளூட்டதியோன் டிரிப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: நிறம் வெளுக்க அதை ஊசியில் ஏற்றுவது ஆபத்து என்று பிலிப்பைன்ஸ் அரசு 2011-லேயே எச்சரித்துவிட்டது, இங்கேயும் அதற்காக அனுமதிக்கப்பட்ட மருந்து இல்லை அது.

சரி, பணத்தைப் பிரித்துப் போடச் சொன்னால்? மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்க முடிகிறவர் சன்ஸ்கிரீனுக்கும் மாய்ஸ்சரைசருக்கும் கொடுத்துவிட்டு, மீந்தால் நியாசினமைடு வாங்கலாம். முந்நூறுதான் முடியும் என்பவர் முதலில் கையுறையும் குடையும் வாங்கட்டும், அவை அடுத்த கோடைக்கும் வரும். அதன் பிறகு முகத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன். வயலிலும் கட்டட வேலையிலும் நிற்பவர்களிடம் இரண்டு மணிக்கொரு தரம் க்ரீம் பூசு என்று சொல்வது வெட்டிப் பேச்சு. முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, அகல விளிம்புத் தொப்பி, இவைதான் அவர்களுக்கு ஆகும். மங்கு இருப்பவர் அந்தப் பணத்தையெல்லாம் சேர்த்து ஒரு நல்ல தோல் மருத்துவரின் ஃபீஸுக்கு வைத்துக்கொண்டால், கடை கடையாக ட்யூப் வாங்குவதைவிடக் குறைவாகவே செலவாகும்.

ஆவணியில் கல்யாணம், கையில் பத்து வாரம் இருக்கிறது என்றால் இன்றைக்கே வெயிலை அடைத்து, தினமும் ஈரப்பதம் ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை பகலில் அதே ஜன்னல் பக்கம் நின்று, ஃபில்டர் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து உள்கை நிறத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். ஆறாவது வாரத்திலும் அசையவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க அப்போதும் நேரம் இருக்கும்.

அடுத்த வாரமே கல்யாணம் என்பவர்கள் இந்தப் பட்டியலிலிருந்து புதிதாக எதையும் முகத்தில் முயலாமல் இருப்பது நல்லது. பார்லர் பேக்கேஜில் ப்ளீச் சேர்ந்தே வருகிறதென்றால் அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மேக்கப் போடுகிறவரிடம் கழுத்தும் முகமும் காதும் ஒரே நிறத்தில் வரட்டும் என்று சொன்னால் போதும். அப்புறம், நடுப்பகலில் பத்திரிகை வைக்கப் போகும் வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள்.